மழலையும் குறைபாடும்: கல்வராயன் மலைப் பிள்ளைகளின் பேச்சும் மொழியும்

ஒரு குழந்தை தன் தாய்மொழியின் ஒலிகளில் பெரும்பாலானவற்றையும், அதன் இலக்கணத்தின் அடிப்படைக் கட்டுமானத்தையும், ஆயிரக்கணக்கான சொற்களையும் பள்ளிக்கூட வாசலை மிதிப்பதற்கு முன்பே பெற்றுவிடுகிறது. எவரும் பாடமாகச் சொல்லித்தராமலே நடந்தேறும் இந்தக் கல்வியில் தடைபட்டு நிற்கும் குழந்தைகளும் உண்டு. இந்தியக் கிராமப்புறங்களில் அவர்கள் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு வயதில், முதல் வகுப்பு ஆசிரியர் "இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஏறவில்லை" என்று சொல்லும்போதுதான் பிறர் கவனத்துக்கு வருகிறார்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் உள்ள கல்வராயன் மலையைப் பொறுத்தவரை இந்தத் தாமதத்துக்கு இரண்டு காரணங்கள் ஒன்றுசேர்கின்றன. வீட்டிலும் அங்கன்வாடியிலும் குழந்தையை நாள்தோறும் பார்ப்பவர்களுக்கு மழலையையும், வட்டார வழக்கையும், உண்மையான குறைபாட்டையும் பிரித்தறியும் பயிற்சி இல்லை. பிரித்தறியும் பயிற்சி பெற்றவர்களோ மலைக்குக் கீழே, நகர மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். இந்த இடைவெளியின் தன்மையையும், அதைக் குறைப்பதற்கு இருக்கும் வழிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முதலில் பேச்சு, மொழி என்னும் இரண்டையும் வேறுபடுத்திக்கொள்வது அவசியம். நாக்கு, உதடு, அண்ணம், குரல்வளை, மூச்சு ஆகியவை ஒத்திசைந்து ஒலிகளை உருவாக்கும் செயலே பேச்சு. சொற்களின் பொருளை அறிவது, அவற்றை இலக்கணப்படி கோப்பது, பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வது, இடத்துக்குத் தக்கபடி பயன்படுத்துவது ஆகிய அனைத்தையும் உள்ளடக்கியது மொழி. பிளவு அண்ணத்தோடு பிறந்த குழந்தை மொழியை முழுமையாக அறிந்திருந்தும் தெளிவாகப் பேச முடியாமல் போகலாம். ஒலிகளைத் திருத்தமாகச் சொல்லும் இன்னொரு குழந்தை இரண்டு சொற்களைச் சேர்த்து ஒரு வாக்கியம் ஆக்க முடியாமல் திணறலாம். "பேச்சு வரவில்லை" என்று வீட்டார் சொல்லும்போது இவ்விரண்டில் எது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஏனெனில் சிகிச்சை அதைப் பொறுத்தே அமைகிறது.

வளர்ச்சியின் பொதுப் போக்கு உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆறு முதல் ஒன்பது மாதங்களுக்குள் "பாபாபா", "மாமாமா" என்னும் அசையடுக்குகளும், ஒரு வயதை ஒட்டி முதல் சொற்களும், இரண்டு வயதுக்குள் ஐம்பது சொற்களாவதும் "அம்மா வா", "பால் வேணும்" போன்ற இருசொல் தொடர்களும் வந்துவிட வேண்டும். நான்கு வயதுக் குழந்தையின் பேச்சைக் குடும்பத்துக்கு வெளியே உள்ளவரும் பெருமளவு புரிந்துகொள்ள முடிய வேண்டும். 27 மொழிகளைச் சேர்ந்த ஆய்வுகளைத் தொகுத்து ஷேரின் மெக்லியோட், கேத்ரின் குரோ ஆகியோர் 2018-இல் வெளியிட்ட கட்டுரை, பெரும்பாலான மெய்யொலிகளைக் குழந்தைகள் ஐந்து வயதுக்குள் பெற்றுவிடுகிறார்கள் என்று காட்டியது. தமிழில் ரகரம், ளகரம், ழகரம், ஸகரம் ஆகியவை பிந்தி வருபவை. "காக்கா" என்பதைத் "தாத்தா" என்று சொல்லும் இரண்டரை வயதுக் குழந்தை, நாக்கின் பின்பகுதியால் எழுப்ப வேண்டிய ககரத்தை நுனிநாக்குத் தகரமாக மாற்றிக்கொள்கிறது. வீட்டில் சிரிப்பை வரவழைக்கும் இந்த மாற்றம் அந்த வயதில் இயல்பானது. அதே குழந்தை நான்கு வயது கடந்த பிறகும் காக்கையையும் தாத்தாவையும் ஒரே சொல்லால் குறித்தால் அது மழலைக் கணக்கில் வராது.

இலக்கணத்தைப் பொறுத்தவரை தமிழ்க் குழந்தைகளின் நிலை ஆங்கிலக் குழந்தைகளின் நிலையிலிருந்து சற்று வேறுபட்டது. இந்த வேறுபாட்டை நம் மருத்துவ நடைமுறை இன்னும் போதிய அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை. ஆங்கிலத்தில் காலத்தையும் எண்ணையும் காட்டும் ஈறுகள் பல, ஒற்றை மெய்யொலியாகச் சொல்லின் கடைசியில் மங்கி ஒலிப்பவை. தமிழில் அவை பெரும்பாலும் முழு அசைகளாகச் சொல்லோடு ஒட்டி நிற்கின்றன. "வந்தா", "வந்தாரு", "வந்துச்சு" என்னும் மூன்றும் யார் வந்தார் என்பதை ஈற்றிலேயே சொல்லிவிடுகின்றன. பரிமளா ராகவேந்திரா, லாரன்ஸ் லியனார்டு ஆகியோர் 1989-இல் வெளியிட்ட ஆய்வு, தமிழ் பேசும் குழந்தைகள் இரண்டு வயதையொட்டியே இத்தகைய ஈறுகளைப் பெருமளவு பிழையின்றிக் கையாளத் தொடங்குகிறார்கள் என்று எடுத்துக்காட்டியது. ஆர். வைத்தியநாதன் 1988-லும் 1991-லும் தமிழ்க் குழந்தைகளின் வினாக்களையும் எதிர்மறைச் சொற்களையும் தனித்தனியே ஆராய்ந்து எழுதினார். எண்ணிக்கையில் குறைவான இந்த ஆய்வுகளிலிருந்து ஒரு நடைமுறைப் பயனைப் பெற முடியும். நாய் பாப்பாவைக் கடித்துவிட்டது என்பதைச் சொல்ல வரும் நான்கு வயதுக் குழந்தை "நாயி... பாப்பா... கடி" என்று மூன்று சொற்களை உதிரியாக வைத்தால், "பாப்பாவ" என்னும் இரண்டாம் வேற்றுமை உருபும் "கடிச்சிருச்சு" என்னும் வினைமுற்றும் அங்கே இல்லாததால், கடித்தது யார், கடிபட்டது யார், நடந்து முடிந்ததா என்பவற்றைக் கேட்பவரே ஊகிக்க வேண்டியிருக்கிறது. இரண்டரை வயதில் இது பொறுத்திருந்து பார்க்கத்தக்கது. நான்கு வயதில் உடனே கவனிக்கத்தக்கது.

காது கேட்பதில் குறையின்றி, பொது அறிவுத்திறனில் பெரிய பின்னடைவின்றி, மூளைக்காயமோ ஆட்டிசமோ இன்றி மொழி மட்டும் நிலையாகப் பின்தங்கியிருக்கும் நிலைக்கு இன்று வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்று பெயர். பல பெயர்களால் வழங்கிவந்த இந்நிலைக்கு டாரதி பிஷப் தலைமையில் கூடிய பன்னாட்டு வல்லுநர் குழு 2016, 2017 ஆண்டுகளில் இந்தப் பொதுப்பெயரையும் வரையறையையும் முன்வைத்தது. அமெரிக்காவில் 1997-இல் புரூஸ் டாம்ப்ளின் குழுவும், இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் 2016-இல் கோர்ட்னி நார்பரி குழுவும் செய்த ஆய்வுகள், பள்ளியில் சேரும் வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாகக் கணித்தன. அதாவது முப்பது பேர் உள்ள ஒரு வகுப்பில் இருவர். இதில் மரபின் பங்கு பெரிது. தாய் சரியாகப் பேசிப் பழக்கவில்லை என்பதால் வருவதன்று. இந்தியாவில் 5 இடங்களில் 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளிடையே நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வு, 8 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு ஏதேனும் ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இருப்பதையும், அவற்றுள் செவித்திறன் குறையும் அறிவுத்திறன் குறையும் முதன்மையானவை என்பதையும் காட்டியது.

செவித்திறன் குறை அந்த ஆய்வில் முதன்மை இடம் பெற்றதைத் தமிழக வாசகர் தனியே கவனிக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் நடக்கும் திருமணங்களில் ஏறத்தாழ 28 விழுக்காடு இரத்த உறவுக்குள் நடப்பவை. இந்திய மாநிலங்களில் இதுவே மிக அதிகம். அக்காள் மகள், மாமன் மகள், அத்தை மகன் என்று முறை பார்த்து மணம் முடிக்கும் வழக்கம் சாதி கடந்தும் மலை, சமவெளி கடந்தும் நிலவுகிறது. தாய், தந்தை இருவரும் ஒரே குறையுள்ள மரபணுவைச் சுமந்திருக்கும் வாய்ப்பு உறவில் மணந்தோரிடம் கூடுவதால், பிறவிச் செவிட்டுத்தன்மையின் வாய்ப்பும் கூடுகிறது; ஜி.ஜே.பி.2 என்னும் மரபணுவில் ஏற்படும் மாற்றம் இந்தியாவில் இதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று. பிறவியிலேயே இரு காதும் கேளாத குழந்தையும் நான்கைந்து மாதம் வரை மற்றக் குழந்தைகளைப் போலவே குரலெழுப்பி விளையாடும் என்பதால் வீட்டார் ஐயப்படுவதில்லை. கதவு படாரென்று சாத்தும்போது அதிர்வை உணர்ந்து திரும்பினாலும் "காது நல்லாத்தான் கேக்குது" என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

முற்றிலும் கேளாத குழந்தையைவிட அரைகுறையாகக் கேட்கும் குழந்தையே அதிகம் தவறவிடப்படுகிறது. சளி, அடினாய்டு வீக்கம், விறகடுப்புப் புகை போன்றவற்றால் நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வதும், காதில் சீழ் வடிவதும் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் மலிந்திருப்பவை. சீழ் வடியும் காதில் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவது பல வீடுகளில் இன்றும் கைமருந்தாக இருக்கிறது. அது காதை மேலும் கெடுக்கும். இப்படி 40 அல்லது 45 டெசிபல் அளவுக்குக் கேட்புத்திறனை இழந்த குழந்தை, கூப்பிட்டால் திரும்பும், உயிரொலிகளைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் மெய்யொலிகளில் பலவும், வாக்கியத்தின் கடைசியில் குரல் தாழும்போது மங்கிப்போகும் ஈறுகளும் அதன் காதில் விழாது. தமிழில் யார், எப்போது, எதை என்னும் செய்திகள் எல்லாம் அந்த ஈறுகளில்தான் இருக்கின்றன. ஆகவே ஒரு குழந்தையின் பேச்சில் உருபுகளும் வினைமுற்றுகளும் உதிர்ந்து காணப்படும்போது, மொழிக் குறைபாடு என்று எழுதுவதற்கு முன்னால் காதைச் சோதித்தே தீர வேண்டும். இந்த வரிசை மாறினால் மருந்தாலோ சிறிய அறுவையாலோ சரியாகக்கூடிய குழந்தை, மந்தம் என்ற பெயரோடு பள்ளியை முடித்துவிடும்.

சட்டம் இங்கே பெரிதும் துணைநிற்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. எனினும் அதன்படி செவித்திறன் குறையுடையவர் எனப்படுவோர் இரு காதுகளிலும் பேச்சொலி அலைவரிசைகளில் 60 டெசிபலும் அதற்கு மேலும் இழந்தவர்களே. "பேச்சு, மொழிக் குறைபாடு" என்ற தலைப்பு அதில் இருந்தாலும், குரல்வளை நீக்கம், மூளைப் பாதிப்பால் மொழியிழத்தல் போன்றவற்றால் ஏற்படும் நிரந்தரக் குறையையே அது எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. 45 டெசிபல் இழந்த மூன்று வயதுக் குழந்தையும், வளர்ச்சிசார் மொழிக் குறைபாடுள்ள நான்கு வயதுக் குழந்தையும் அடையாள அட்டைக்கான வரையறைக்குள் எளிதில் அடங்குவதில்லை. முதியவர்களின் நோய்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வரையறை குழந்தைகளை மறந்துவிட்டது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. இது திருத்தப்பட வேண்டும்.

இனி மலைக்கு வரலாம். கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியான கல்வராயன், ஏறத்தாழ 2000 முதல் 4000 அடி உயரத்தில் கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரந்திருக்கிறது. 2019 நவம்பர் 26-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட மலைப்பகுதி அதனுடன் வந்தது. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு எனச் சிதறிக் கிடக்கும் ஊர்களில் வாழ்வோரில் மிகப் பெரும்பான்மையினர் மலையாளி என்னும் பட்டியல் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுக்கதை; அவர்களுடைய மொழி தமிழ். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தின் 7.95 லட்சம் பழங்குடி மக்களில் ஏறத்தாழ 3.58 லட்சம் பேர் இந்தச் சமூகத்தினர். ஜாகீர்தார்களின் கையிலிருந்த இம்மலையை அரசு 1976-இல்தான் தன் நேரடி நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் இங்கே பிந்தி வந்ததற்கு இந்த வரலாறும் ஒரு காரணம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதற்குப் பின், கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டபோது, சாலை வசதியே அங்கே முதன்மையான பேசுபொருளாயிற்று.

மலையில் வளரும் குழந்தையின் பேச்சை மதிப்பிடும்போது முதலில் ஒதுக்கிவைக்க வேண்டியது வட்டார வழக்கு. வட தமிழகத்துப் பேச்சில் ழகரம் யகரமாகவோ ளகரமாகவோ ஒலிப்பது பொதுவான வழக்கம். ஊரே "வாயப்பயம்" என்று சொல்லும் இடத்தில் குழந்தையும் அப்படிச் சொல்வது குறையாகாது, ஊர்ப்பேச்சைச் சரியாகக் கற்றுக்கொண்டதன் அடையாளமே ஆகும். மலையாளி மக்களின் பேச்சுக்கும் தனக்கே உரிய சொற்களும் இழுவையும் உண்டு. சமவெளியிலிருந்து வரும் ஆசிரியரோ செவிலியரோ நகரத்துப் படஅட்டையைக் காட்டிப் பெயர் கேட்டால், குழந்தை விழித்து நிற்பதற்குக் காரணம் அந்தப் பொருளைக் கண்டறியாமையாகவும் இருக்கலாம், புதியவரிடம் உள்ள கூச்சமாகவும் இருக்கலாம். மறுபக்கம், "மலைப் பிள்ளைகள் அப்படித்தான் பேசும்" என்னும் எண்ணம் உண்மையான குறைபாட்டையும் மூடிவிடுகிறது. முதல் பிழை நல்ல குழந்தையைக் குறையுள்ளது என்கிறது. இரண்டாவது பிழை உதவி வேண்டிய குழந்தையைக் கைவிடுகிறது. இரண்டில் பின்னதே அதிகத் தீங்கு செய்வது. இரண்டிலிருந்தும் தப்புவதற்கு உள்ள ஒரே அளவுகோல், அதே ஊரில், அதே வழக்கைப் பேசி வளரும் ஒத்த வயதுக் குழந்தைகளோடு ஒப்பிடுவதுதான். அந்த ஒப்பீட்டை மருத்துவரைவிட அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த அங்கன்வாடிப் பணியாளரால் நன்றாகச் செய்ய முடியும்.

இரண்டு மொழிகள் குழந்தையைக் குழப்பும் என்னும் அச்சத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். காபித் தோட்ட வேலைக்காகக் கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ குடும்பத்தோடு போய்வரும் பிள்ளைகள் மலையாளத்தையோ கன்னடத்தையோ கேட்டு வளர்வதாலும், கள்ளக்குறிச்சி நகரத்துப் பிள்ளைகள் எல்.கே.ஜி.யில் ஆங்கிலம் கேட்பதாலும் மொழிக் குறைபாடு உண்டாவதில்லை. ஆனால் பேச்சு தாமதமான பிள்ளையிடம் வீட்டுத் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசச் சொல்லும் ஆலோசனை, இருக்கும் ஒரே வலுவான மொழியையும் பறித்துவிடும். இடம்பெயர்வின் தீங்கு வேறிடத்தில் இருக்கிறது: அங்கன்வாடிப் பதிவேட்டில் பெயர் இருந்தும் பரிசோதனைக் குழு வரும் நாளில் குழந்தை ஊரில் இருப்பதில்லை.

வீடுகளில் சொல்லப்படும் ஆறுதல்களில் சில குழந்தையின் விலைமதிப்பற்ற மாதங்களைத் தின்றுவிடுகின்றன. "ஆம்பளப் பிள்ளை பைய்யத்தான் பேசும்", "அவங்கப்பனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்பவை அடிக்கடி கேட்கும் வார்த்தைகள். இவற்றில் ஓரளவு உண்மை உண்டு என்பதே சிக்கல். இரண்டு வயதில் சொற்கள் குறைந்திருக்கும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் நான்கு வயதுக்குள் மற்றவர்களை எட்டிப்பிடித்துவிடுகிறார்கள். அப்பாவும் பிந்திப் பேசினார் என்பதோ, மரபுவழி வரும் குறைக்கான தடயமாகவும் இருக்கலாம். எட்டிப்பிடிக்கப் போகிறவர் யார் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது; எனினும் சொல்வதைப் புரிந்துகொள்கிறதா, கையால் சுட்டிக் காட்டிக் கேட்கிறதா, கண் பார்த்து விளையாடுகிறதா என்னும் மூன்றும் நல்ல துப்புகள். இம்மூன்றும் இல்லாத குழந்தையிடம் பொறுத்திருப்பது தவறு. வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்பதும் பரவலான நம்பிக்கை. அதனால் பேச்சு வருவதில்லை என்பதோடு, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுப்பது நச்சேற்றம் உண்டாக்கக் கூடியது என்பதால் ஆபத்தும் உண்டு. நாக்கின் அடிநரம்பு ஒட்டியிருப்பதும் குழந்தை பேசாமல் இருப்பதற்கு அநேகமாக ஒருபோதும் காரணமாவதில்லை. திக்குவதைப் பொறுத்தமட்டில், இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் ஏறத்தாழ 20 குழந்தைகளில் ஒன்று திக்கத் தொடங்குகிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது தானாகவே மறைகிறது. இடைமறித்துத் திருத்துவதும், "திக்குவாய்" என்று பட்டம் கட்டுவதும் குழந்தையின் தயக்கத்தை வளர்க்கும்.

இத்தனைக்கும் அமைப்புகளே இல்லாத நாடல்ல இது. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம், ஊர்மக்கள் பால்வாடி என்று அழைக்கும் அங்கன்வாடியைக் குக்கிராமம் வரை கொண்டுசேர்த்தது. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம் என்னும் குழந்தை நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கும் ஒருமுறை பள்ளிக்கும் வந்து 30 வகைக் குறைகளைத் தேட வேண்டும். செவித்திறன் குறை, மொழித் தாமதம், பிளவு உதடு ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. கண்டறியப்பட்ட குழந்தை, கேட்பியல் மற்றும் பேச்சுப் பயிற்சி வல்லுநர் உள்ளிட்டோர் பணியாற்றும் மாவட்ட முன்தலையீட்டு மையத்துக்கு அனுப்பப்பட வேண்டும். கள்ளக்குறிச்சிக்கு அருகே சிறுவங்கூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. காதின் உள்ளே பொருத்தும் காக்ளியர் கருவிக்கான அறுவை சிகிச்சையைத் தமிழக அரசின் மருத்துவக் காப்பீடு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்கிறது. வட்டார வள மையங்களில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள்.

காகிதத்தில் முழுமையாகத் தெரியும் இந்தச் சங்கிலி மலையில் இரண்டு கண்ணிகளில் அறுந்துபோகக் கூடியது. முதலாவது, பரிசோதனையின் தன்மை. ஆறு வயதுக்குட்பட்டோரிடம் நடமாடும் குழு கேள்விப் பட்டியலைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. சத்தம் வரும் பக்கம் திரும்புகிறதா என்ற கேள்விக்கு "திரும்புவான்" என்ற பதில் வந்துவிட்டால் அரைகுறைச் செவித்திறன் இழப்பு அங்கேயே மறைந்துபோகிறது. இரண்டாவது, சிகிச்சையின் கால அளவு. தடுப்பூசியைப் போலவோ அறுவை சிகிச்சையைப் போலவோ ஒரே நாளில் முடிவதன்று பேச்சுப் பயிற்சி. வாரந்தோறும், பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியது. வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்குப் போய்த் திரும்புவது ஒரு தாய்க்கு முழுநாள் வேலை. அன்றைய கூலியும் போய், பேருந்துக் கட்டணமும் போய், வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும் தேட வேண்டும். நான்காவது வாரம் அவள் வராமல் நின்றால் அதை அலட்சியம் என்று குறிப்பது அநியாயம்.

தொலைவை வெல்லும் வழி தமிழகத்திலேயே ஒருமுறை சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. கள்ளக்குறிச்சியின் அண்டை மாவட்டங்களான திருவண்ணாமலையிலும் கடலூரிலும், சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் கனடாவின் டிரான்ஸ்பார்மிங் பேசஸ் அமைப்புடன் இணைந்து பிளவு உதடு, பிளவு அண்ணக் குழந்தைகளுக்காகச் சமூகம் சார்ந்த திட்டமொன்றை நடத்தியது. அறுவை சிகிச்சைக்கு முகாம்கள் பல உண்டு. ஆனால் அண்ணத்தைத் தைத்த பிறகும் காற்று மூக்கு வழியே கசிவதாலும், பிளவு இருந்த காலத்தில் பழகிய தவறான ஒலிப்பு தங்கிவிடுவதாலும், பேச்சுப் பயிற்சியின்றி அந்தக் குழந்தையின் பேச்சு ஊராருக்குப் புரிவதில்லை. அந்தப் பயிற்சிக்கு நகரம் வர முடியாத குடும்பங்களுக்காக, உள்ளூரிலேயே வாழும் களப்பணியாளர்களைப் பயிற்றுவித்து, வல்லுநர்கள் திட்டமிட்டு மேற்பார்வை செய்ய, பயிற்சியை வீட்டருகே நடத்தினார்கள். அதே நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா ராம்குமார் குழு, கிராமச் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு குழந்தைகளின் காதைக் கருவியால் சோதித்து, ஐயத்துக்குரியவர்களுக்கு மூளைத்தண்டு கேட்பியல் சோதனையைத் தொலைத்தொடர்பு வழியாகச் செய்யும் முறையையும் தமிழகக் கிராமங்களில் நடத்திக் காட்டியது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கிய அமர்சேவா சங்கம், வளர்ச்சித் தாமதமுள்ள சிறுகுழந்தைகளுக்கு வீடுதேடிச் சென்று பயிற்சி தரும் பணியில் கைப்பேசிச் செயலியைப் புகுத்தியது. கல்வராயன் மலைக்கு வேண்டியது இந்த மூன்றின் கலவையே.

குடும்பமே பயிற்சியாளராவது இரண்டாம் தரமான மாற்று என்று நினைக்க வேண்டியதில்லை. மேகன் ராபர்ட்ஸ், ஆன் கைசர் ஆகியோர் 2011-இல் 18 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, பயிற்றுவிக்கப்பட்ட பெற்றோர் வழியே அளிக்கும் மொழிப் பயிற்சி குழந்தைகளின் புரிதலையும் வெளிப்பாட்டையும் உயர்த்துகிறது என்பது தெளிவாயிற்று. அந்தப் பயிற்சியின் உள்ளடக்கம் மலையின் அன்றாட வாழ்க்கைக்கு அயலானதும் அன்று. அடுப்படியில் மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டிருக்கும் பாட்டியிடம் பேரன் கையை நீட்டி "கெயங்கு" என்கிறான். அவனைப் பார்க்காமலே ஒரு துண்டைக் கையில் திணித்துவிடுவதும் ஒரு பதில், "கெயங்கா? கெயங்கு வேணுமா? சூடா இருக்குது, ஊதித் தின்னு" என்பதும் ஒரு பதில். இரண்டாவது பதிலில் குழந்தையின் ஒற்றைச் சொல் திருத்தப்படாமல், கேலி செய்யப்படாமல், மூன்று சிறு வாக்கியங்களாக விரித்து அவனிடமே திருப்பித் தரப்படுகிறது. பாட்டியின் முகமும் அவன் முகத்துக்கு நேரே இருக்கிறது. குழந்தை சொன்னதை ஏற்று விரித்துச் சொல்லுதல், பதிலுக்காகச் சற்றுக் காத்திருத்தல், செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்தல் ஆகிய மூன்றும் பேச்சுப் பயிற்சியாளர்கள் முதலில் கற்றுத்தருபவை. இவற்றை நாள்தோறும் நூறுமுறை செய்ய முடிவது வாரம் ஒருமுறை சந்திக்கும் வல்லுநரால் அன்று. தாயும் தந்தையும் வெளியூர் வேலைக்குப் போய்விட, பாட்டியே வளர்க்கும் வீடுகளில் பயிற்சியைப் பாட்டிக்கே தர வேண்டும். குழந்தை அழாமலிருக்கக் கைப்பேசியைக் கொடுத்துவிடும் பழக்கம் மலையையும் எட்டிவிட்ட காலத்தில் இது இன்னும் அவசியமாகிறது. இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் திரை வேண்டியதில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

அங்கன்வாடியில் செய்யக்கூடிய முதற்கட்டச் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. குழந்தை விளையாட்டில் ஆழ்ந்திருக்கும்போது பின்னால் மூன்றடி தள்ளி நின்று, நிழலோ காலடி அதிர்வோ படாமல், தாழ்ந்த குரலில் பெயர் சொல்லி அழைத்துப் பார்ப்பது. கையாலோ கண்ணாலோ சாடை காட்டாமல் "பந்த எடுத்துக் கூடைக்குள்ள போடு" என்று சொல்லி, இரண்டு செயலையும் வரிசையாகச் செய்கிறதா என்று கவனிப்பது. நேற்று வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டு, நான்கு வயதுக் குழந்தை இரண்டு மூன்று வாக்கியமாவது சேர்த்துச் சொல்கிறதா என்று கேட்பது. சாடை காட்டக் கூடாது என்பதில் தனிக் கவனம் வேண்டும். காது கேளாத, மொழி புரியாத குழந்தைகள் பிறர் முகக்குறிப்பைப் படிப்பதில் அசாத்தியத் திறமை பெற்றிருப்பதால், பார்ப்பவரை எளிதில் நம்பவைத்துவிடுவார்கள். பூஜ்யம் முதல் ஆறு வயது வரைக்குமான மொழி மதிப்பீட்டுப் பட்டியல்களைத் திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் எம்.கே.சி. நாயரின் வழிகாட்டலில் உருவாக்கியிருக்கிறது. அவற்றை மலைத்தமிழுக்கும் மலைக்குழந்தை அறிந்த பொருள்களுக்கும் ஏற்ப மாற்றி, அங்குள்ள குழந்தைகளிடமே தரப்படுத்தும் பணியைப் பல்கலைக்கழகங்கள் ஏற்கலாம். எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கைப்பேசியில் பதிவேற்றுவது என ஏற்கெனவே சுமை மிகுந்த அங்கன்வாடிப் பணியாளர் தலையில் இதையும் கூலியின்றி ஏற்றுவது மட்டும் கூடாது. இதற்குப் பயிற்சியும் நேரமும் ஊதியமும் சேர்த்தே ஒதுக்கப்பட வேண்டும்.

காலம் இங்கே எவ்வளவு முக்கியம் என்பதை 1998-இல் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ குழு வெளியிட்ட ஆய்வு நிறுவியது. பிறந்த ஆறு மாதத்துக்குள் செவித்திறன் குறை கண்டறியப்பட்டு உடனே உதவி பெற்ற குழந்தைகள், அதற்குப் பின் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது இன்று உலகம் ஏற்ற கணக்கு. 1969 முதல் சென்னையில் இயங்கும் பால வித்யாலயா பள்ளி, செவித்திறன் குறையுள்ள சிறுகுழந்தைகளைத் தாயோடு சேர்த்தே பயிற்றுவித்து, ஐந்து வயதுக்குள் பொதுப்பள்ளிக்கு அனுப்ப முடியும் என்பதைத் தமிழிலேயே காட்டியிருக்கிறது. தமிழகத்தில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நடப்பதால், தாயும் சேயும் வீடு திரும்புமுன் காதைச் சோதிப்பது நடக்கக்கூடிய காரியமே. குழந்தையின் காதில் சிறு முனையை வைத்து உட்செவி எழுப்பும் எதிரொலியைப் பதிவு செய்யும் ஓ.ஏ.இ. கருவி கையடக்கமானது, குழந்தை தூங்கும்போதே சில நிமிடங்களில் சோதனை முடிந்துவிடும்.

ஆகவே கள்ளக்குறிச்சி மாவட்ட நிர்வாகத்தின் முன் வைக்கத்தக்க கோரிக்கை சிறியது, செலவு குறைந்தது. மலையின் குழந்தைகள் பிறக்கும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஓ.ஏ.இ. கருவி இருக்க வேண்டும். மூன்று வயதில் அங்கன்வாடிப் பிள்ளைகள் அனைவருக்கும், பேச்சில் ஐயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒருமுறை கருவியால் செவிச்சோதனை செய்ய வேண்டும். பேச்சுப் பயிற்சி வல்லுநர் ஒருவர் வாரத்தில் குறிப்பிட்ட நாள்களில் வெள்ளிமலையிலேயே இருக்க வேண்டும். பெற்றோருக்கும் பாட்டிமாருக்கும் சொல்ல வேண்டியது இன்னும் எளியது: இரண்டு வயது நிறைந்தும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத பிள்ளையின் காதைச் சோதிக்கும்படி பால்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் வாய்விட்டுக் கேளுங்கள், அடுத்த பிறந்தநாள் வரை பார்க்கலாம் என்று எவர் சொன்னாலும் காத்திருக்காதீர்கள்.